கார் ஏற்றினால் சிறுவன், கத்தி காட்டினால் பெரியவனா?



நாட்டில் எங்காவது ஒரு கொடுமை நடந்து, அதில் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டுவிட்டால் போதும். "வயதைப் பார்க்காதே, பெரியவனைப் போலவே விசாரி, பெரியவனுக்குக் கொடுக்கும் தண்டனையையே கொடு" என்ற கூச்சல் கிளம்பிவிடுகிறது. டெலிவிஷனில் கிளம்புகிறது, பத்திரிகையில் கிளம்புகிறது, பாராளுமன்றத்தில் கிளம்புகிறது. அதைவிட நமக்குக் கவலை தருவது, நம் பேட்டைகளில் குழாயடியிலும் டீக்கடையிலும் அதே பேச்சு கேட்பதுதான். ஸ்ரீராமபுரத்திலும் ஓகலிபுரத்திலும் மர்பி டவுனிலும் டானரி ரோட்டிலும் குடியிருக்கும் நம் ஜனங்களே, "இப்படிப்பட்ட பயல்களைச் சும்மா விடக்கூடாது" என்று தலையாட்டுகிறார்கள். அவர்கள் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தை நூலாக வைத்துப் பின்னிய வலையில் யார் வீட்டுப் பிள்ளை விழுகிறான் என்று எண்ணிப் பார்த்தோமா?

நம் நிலையை ஒளிவு மறைவில்லாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பதினெட்டு வயது நிரம்பாத எவனையும், ஏழை வீட்டுப் பிள்ளையானாலும் பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும், பெரியவனாகக் கருதி விசாரிக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகத் திறந்து வைத்த கதவை மூட வேண்டும். ஏன் என்பதைக் கேளுங்கள்.

சட்டம் வந்த கதை

பிள்ளைகளைப் பெரிய கைதிகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்பது நேற்று முளைத்த நாகரிகம் அல்ல. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம், ஆண்டு 1920. அதற்குப் பிறகுதான் 1922-இல் வங்காளமும் 1924-இல் பம்பாயும் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1986-இல் நாடு முழுவதற்கும் இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. அதில் பையன்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்று வயது வரம்பு. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. அதன்படி 2000-ஆவது ஆண்டுச் சட்டம் இருபாலாருக்கும் 18 என்று ஆக்கியது. இதை அடைய எண்பது வருஷம் ஆயிற்று.

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை நம் எல்லோர் நெஞ்சையும் பிளந்தது. பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு வயது 17. உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றிலிருந்து சிறு வயதிலேயே பிழைப்புக்காக டெல்லிக்கு வந்து சாப்பாட்டுக் கடைகளில் எச்சில் தட்டு கழுவியவன். 2013 ஆகஸ்ட் 31-இல் அவனுக்குச் சட்டப்படி மூன்று வருஷம் சிறப்பு இல்லத்தில் வைக்கும்படி உத்தரவாயிற்று. "மூன்றே வருஷமா?" என்று நாடு கொதித்தது. கொதித்ததில் தவறில்லை. ஆனால் கொதிக்கிற நேரத்தில் சட்டம் எழுதக் கூடாது.

அறிவுள்ளவர்கள் அன்றே எச்சரித்தார்கள். அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா கமிட்டி 2013 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில், வயது வரம்பைக் குறைக்கச் சிபாரிசு செய்யவில்லை. 18 என்ற வரம்பை மாற்றக் கோரிய வழக்குகளைச் சுப்ரீம் கோர்ட் 2013-இலும் 2014-இலும் தள்ளுபடி செய்தது. புதிய மசோதாவை ஆராய்ந்த பாராளுமன்ற நிலைக்குழு 2015 பிப்ரவரியில், பதினாறு பதினேழு வயதினரைப் பிரித்தெடுப்பது சரியல்ல என்றது. எல்லாம் காற்றில் பறந்தன. அந்தப் பையன் 2015 டிசம்பர் 20-இல் வெளியே வந்தான். இரண்டே நாளில், டிசம்பர் 22-இல், ராஜ்யசபை மசோதாவை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. ஒருவன் மேலிருந்த ஆத்திரத்துக்கு நாட்டின் அத்தனை பதினாறு வயதுப் பிள்ளைகளும் பொறுப்பாக்கப்பட்டார்கள். அவனுக்கோ அந்தச் சட்டம் பொருந்தவே இல்லை!

சட்டம் என்ன செய்கிறது?

குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கும் குற்றத்துக்கு இந்தச் சட்டத்தில் "கொடுங்குற்றம்" என்று பெயர். பதினாறு முடிந்து பதினெட்டு முடியாத பையன் மேல் அப்படி ஒரு குற்றம் சாட்டப்பட்டால், ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் அடங்கிய இளைஞர் நீதிக் குழுமம் 15-ஆவது பிரிவின் கீழ் முதலில் ஒரு மதிப்பீடு செய்யும். அதைச் செய்ய அவனுக்கு மனபலமும் உடல்பலமும் இருந்ததா, விளைவு தெரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று பார்க்கும். பார்த்துவிட்டு, "பெரியவனாக விசாரிக்கலாம்" என்று தோன்றினால் குழந்தைகள் நீதிமன்றம் என்று பெயர் சூட்டப்பட்ட செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிடும். அங்கே தண்டனையானால் 21 வயது வரை தனி இடத்தில் வைப்பார்கள். அப்போது மறுபடி ஒரு பரிசீலனை. திருந்தவில்லை என்று பட்டால் மிச்சக் காலத்துக்குப் பெரியவர்கள் ஜெயில். தூக்கும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கூடாது என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது; அந்த அளவுக்குச் சந்தோஷம். ஆனால் பத்து வருஷமும் இருபது வருஷமும் போடத் தடை இல்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. சிறுவனாக விசாரிக்கப்பட்டவனுக்கு அந்த வழக்கின் கறை பிற்காலத்தில் எதற்கும் தடையாகாது என்று 24-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பெரியவனாக விசாரித்துத் தண்டிக்கப்பட்டவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சர்க்கார் வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்புப் படிவம் நிரப்பும்போது அவன் கை நடுங்க வேண்டியதுதான். ஆயுசு முழுக்க நடுங்க வேண்டியதுதான்.

கத்தியும் காரும்

"கொடுங்குற்றம்" என்றதும் நம் ஜனங்கள் கொலையையும் கற்பழிப்பையும் மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். கவனமாகக் கேளுங்கள். கத்தியைக் காட்டி ஒரு செல்போனைப் பறித்தால், 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 311-ஆவது பிரிவு வரலாம். பழைய சட்டத்தில் அது 397. குறைந்தபட்சம் ஏழு வருஷம். ஆகவே கொடுங்குற்றம்! இருபது கிலோவுக்கு மேல் கஞ்சா இருக்கும் பையை இரயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் குறைந்தபட்சம் பத்து வருஷம். ஆகவே கொடுங்குற்றம்! பையைக் கொடுத்தனுப்பிய பெரிய மனுஷன் பிளாட்பாரத்துக்கு வருவதே இல்லை. பிள்ளைகளைப் போதைப்பொருள் சுமக்க வைப்பவனுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல் என்று இதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆவது பிரிவு சொல்கிறது. 15-ஆவது பிரிவைப் பற்றி முழங்குகிறவர்கள் 78-ஆவது பிரிவைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

காதல் விவகாரத்துக்கு வருவோம். பதினேழு வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் ஓடிப்போகிறார்கள். ஜாதி வேறு என்பதால் பெண் வீட்டார் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். போக்சோ சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு அதன் 4-ஆவது பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை பத்து வருஷம். அவள் சம்மதம் கணக்கில் வராது. பையன் கொடுங்குற்றவாளி ஆகிறான். பெரியவனாக விசாரிக்கலாமா என்று மதிப்பீடு தொடங்குகிறது. ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ ஓட்டுப் போடவோ அவனுக்கு வயது போதாது. கூண்டில் நிற்க மட்டும் போதும்!

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் டெல்லியில், 18 நிரம்பச் சில நாட்களே இருந்த ஒரு பையன் மெர்சிடிஸ் கார் ஓட்டி, ரோட்டைக் கடந்த ஒருவரை இடித்துக் கொன்றான். அவனைப் பெரியவனாக விசாரிக்கலாம் என்று குழுமம் சொன்னது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2020 ஜனவரி 9-இல் தீர்ப்பு வந்தது: கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை பெரிதாக இருந்தாலும், குறைந்தபட்சம் ஏழு வருஷம் என்று சட்டத்தில் இல்லை, ஆகவே அது கொடுங்குற்றம் அல்ல.

2024 மே 19-இல் புனேயில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் இன்ஜினியர்கள் செத்தார்கள். சில மணி நேரத்தில் பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்பது! ரத்தப் பரிசோதனைக்கு எடுத்த மாதிரியையே மாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டு டாக்டர்களும் பையனின் பெற்றோரும் கைதானார்கள். அவனைப் பெரியவனாக விசாரிக்க வேண்டும் என்ற போலீஸ் மனுவை 2025 ஜூலையில் குழுமம் நிராகரித்தது.

இங்கேதான் நம்மைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. டெல்லிப் பையனையும் புனேப் பையனையும் பெரியவர்களாக விசாரித்திருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சரியானது. ரத்தத்தை மாற்றியவர்கள் பெரியவர்கள், அவர்களைத் தண்டியுங்கள். பையனைச் சிறுவனாகவே விசாரியுங்கள். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தப் பையனுக்குக் கிடைத்த வயது நம் பையனுக்கும் கிடைக்க வேண்டும். கோடி ரூபாய் காரில் ஏறி இரண்டு உயிரைப் பறித்தால் சிறுவன். கத்தியைக் காட்டி ஒரு செல்போனைப் பறித்தால் பெரியவன் என்றால், இது வயதை அளக்கும் சட்டமா, வசதியை அளக்கும் சட்டமா?

மனதை அளக்கும் தராசு

மதிப்பீடு என்கிறார்களே, அது என்ன மதிப்பீடு? என்றோ ஒரு ராத்திரி ஒரு பையன் மனதில் என்ன இருந்தது என்பதை, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஓர் அறையில் உட்கார வைத்து அளக்கும் தராசு உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? அதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. இந்த மதிப்பீடு விசாரணைக்கு முன்பே நடக்கிறது. அவன் குற்றத்தைச் செய்தானா இல்லையா என்பதே முடிவாகாத நேரத்தில், "அதைச் செய்யும்போது உனக்கு விளைவு தெரிந்ததா?" என்று கேட்கிறார்கள். செய்யாதவன் என்ன பதில் சொல்வான்? "நான் செய்யவே இல்லை" என்று சொன்னால், வருத்தமே இல்லாதவன் என்று எழுதிவிட மாட்டார்களா?

இது கற்பனை அல்ல. 2017 செப்டம்பரில் ஹரியானாவின் குருகிராமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்டது. ஹரியானா போலீஸ் உடனே பள்ளிப் பஸ் கண்டக்டரைப் பிடித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும் சொன்னது. பிறகு சி.பி.ஐ. விசாரித்து, அவருக்கு எதிராக ஆதாரமில்லை என்றது. அதே பள்ளியின் 16 வயது மாணவன் ஒருவனைக் கைது செய்தது. கண்டக்டர் விடுவிக்கப்பட்டார். ஏழைத் தொழிலாளியிடம் ஒப்புதல் வாங்குவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். நாற்பது வயது மனிதருக்கே அந்தக் கதியென்றால் பதினாறு வயதுப் பிள்ளை எம்மாத்திரம்?

அந்த மாணவனின் மதிப்பீடு சரியாக நடக்கவில்லை என்று அவன் வீட்டார் போராடி, 2022 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் வரை போய், மறுமதிப்பீட்டுக்கு வழி செய்துகொண்டார்கள். குழுமத்தில் மனநல இயல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று அப்போது கோர்ட் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஐந்து வருஷம் மூன்று கோர்ட் ஏறி இறங்க நம்மில் யாருக்குக் கட்டுப்படியாகும்? நிம்ஹான்ஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. அதன் வாசலில் கூலி வேலை செய்தவர்களும் நம்மவர்கள்தான். அங்கிருந்து ஒரு நிபுணரை நம் பிள்ளைக்காகப் பேச வைக்க நமக்கு வழி தெரியுமா?

சான்றிதழ் இல்லாதவன் வயது

இந்த விஷயம் மற்ற எவரையும்விட வந்தேறிய தொழிலாளிக் குடும்பங்களான நம்மை அதிகமாகத் தாக்கும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சிறுவன் என்ற பாதுகாப்பு முழுவதும் ஒரு காகிதத்தில் தொங்குகிறது. நம்மிடம் இல்லாதது அந்தக் காகிதம்தான்.

பிரசவத்துக்குப் பெண்கள் தாய்வீடு போகிறார்கள். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ திருவண்ணாமலையிலோ பிள்ளை பிறக்கிறது. மூன்றாம் மாதம் பெங்களூர் வந்துவிடுகிறோம். பிறப்பைப் பதிவு செய்தார்களா, சான்றிதழ் வாங்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதி எழுதப்படுகிறது. குடிசையை இடித்தால் பெட்டியோடு அதுவும் போகிறது. 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் வீடுகளை இடித்து ஜனங்களைத் தெருவில் நிறுத்தினார்களே, அப்படி நிற்கிறவர்களிடம் போய்ச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவார்கள்? இதற்கெல்லாம் மேலாக, படிப்பை விட்ட பையனைக் கான்டிராக்டரிடம் சேர்க்கும்போது "பதினெட்டு ஆகிவிட்டது" என்று நாமே சொல்கிறோம். ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கும் என்று சொன்ன அந்த வார்த்தை, ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனில் அவன் கழுத்துக்குக் கயிறாகிறது.

மிகையாகச் சொல்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணம். ராஜஸ்தானின் பிகானேர் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன ஒருவர், 1994-இல் புனேயில் ஏழு பேர் கொல்லப்பட்ட வழக்கில் கைதாகி, 1998-இல் தூக்குத் தண்டனை பெற்றார். சுப்ரீம் கோர்ட்டும் 2000-இல் அதை உறுதி செய்தது. சம்பவத்தன்று அவருக்கு வயது பன்னிரண்டரைதான் என்பதை அவர் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பதிவு காட்டியது. 2023 மார்ச் 27-இல் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தபோது 28 வருஷத்துக்கு மேல் ஜெயிலில் கழிந்திருந்தது. தூக்கில் போட்டிருந்தால் அந்தப் பள்ளிப் பதிவை யாரிடம் காட்டுவது?

இன்னொருவர், டேராடூனில் 1994-இல் நடந்த கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற வீட்டு வேலைக்காரர். பாங்கில் கணக்கு வைத்திருந்தார், ஆகவே பெரியவர்தான் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டார்கள். சம்பவத்தின்போது அவருக்கு 14 வயது என்று ஏற்றுக்கொண்டு 2025 ஜனவரி 8-இல் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. அதற்குள் 25 வருஷம் போய்விட்டது. இருவரும் ஏழைகள். இருவரும் ஊர்விட்டு ஊர் போய் உழைத்தவர்கள். அவர்கள் பேசிய பாஷை வேறு. மற்றபடி அவர்கள் நம்மவர்கள்.

"பெண்ணைப் பெற்றவர்களைக் கேள்"

நமக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மதிக்கத் தகுந்தது ஒன்று உண்டு. "உன் வீட்டுப் பெண்ணுக்கு நடந்திருந்தால் இப்படிப் பேசுவாயா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. பாதிக்கப்படும் பெண்களும் நம் வீட்டுப் பெண்கள்தான். கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவர்கள் நம் பெண்கள்தான். அவர்களுக்கு வேண்டியது என்ன? தெருவில் விளக்கு வேண்டும். புகார் கொடுக்கப் போனால் மரியாதையாக எழுதிக்கொள்ளும் ஸ்டேஷன் வேண்டும். சாட்சிக்குப் பாதுகாப்பும் காலதாமதம் இல்லாத விசாரணையும் வேண்டும். இவற்றில் ஒன்றையும் கொடுக்காத சர்க்கார், "பதினாறு வயதுக்காரனை ஜெயிலுக்கு அனுப்பச் சட்டம் போட்டுவிட்டோம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறது. செலவில்லாத நீதி அது.

பிள்ளைகளால்தான் நாடு கெடுகிறதா? தேசியக் குற்றப் பதிவேட்டு நிலையத்தின் கணக்குப்படி 2022-இல் சிறுவர்கள் மேல் பதிவான வழக்குகள் 30,555. அந்த வருஷம் நாட்டில் பதிவான மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கணக்கில், பிடிபட்ட சிறுவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வருஷ வருமானம் 25,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

பெரியவனாக விசாரித்தால் பையன்கள் பயந்து திருந்துவார்கள் என்கிறார்கள். அமெரிக்காக்காரன் இதைச் செய்து பார்த்துவிட்டான். 1990-களில் "கொடூரச் சிறுவர் படை ஒன்று வருகிறது" என்று அங்கே பேராசிரியர்களே பீதி கிளப்பினார்கள். ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் பிள்ளைகளைப் பெரியவர்கள் கோர்ட்டுக்குத் தள்ளும் சட்டங்களை விரிவாக்கின. அந்தப் படை வரவே இல்லை. 2007-இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட வல்லுநர் குழு அறிக்கை என்ன சொன்னது? அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைகள், சிறுவர்களாகவே நடத்தப்பட்டவர்களைவிட, பின்னால் அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள் என்றது. ஆக, பெண்ணைப் பெற்றவர்களுக்கும் இந்தச் சட்டம் பாதுகாப்புத் தரவில்லை. ஜெயிலில் ரவுடிகளிடம் பாடம் படித்து வருபவன் எந்தத் தெருவுக்குத் திரும்பி வருவான்? நம் தெருவுக்குத்தான்.

அந்த நாட்டில் யார் பிள்ளைகள் மாட்டினார்கள் என்பதையும் பாருங்கள். 1944-இல் தென் கரோலினா மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்டின்னி என்ற 14 வயதுக் கறுப்பின்ச் சிறுவனை, இரண்டு வெள்ளைக்காரச் சிறுமிகளைக் கொன்றதாகச் சொல்லி மின்சார நாற்காலியில் உட்கார வைத்துக் கொன்றார்கள். விசாரணை ஒரே நாளில் முடிந்தது. எழுபது வருஷம் கழித்து, 2014-இல், அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது கோர்ட். அங்கே தோலின் நிறம். இங்கே சேரியின் விலாசம்.

இல்லங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா?

"அப்படியானால் சிறுவர் இல்லத்தில் ராஜபோகமாக வைக்கச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களைச் செங்கல்பட்டைப் போய்ப் பார்க்கச் சொல்கிறோம். 2022 டிசம்பர் கடைசியில், இரயில்வே பாட்டரியைத் திருடியதாகத் தாம்பரத்தில் பிடிபட்ட 17 வயதுப் பையன் செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். இரண்டே நாளில் பிணமானான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஆறு ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து, தமிழ்நாட்டு இல்லங்களைச் சீர்திருத்த அறிக்கை வாங்கினார்கள். இரயில்வேயில் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தச் சாவு இன்னும் அதிகமாக உறைக்கிறது. ஒரு பாட்டரியின் விலை என்ன, ஒரு பிள்ளையின் விலை என்ன?

ரிமாண்ட் ஹோம் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அதைச் சொர்க்கமாக்கவும் கேட்கவில்லை. படிப்பும் தொழிலும் கற்றுத்தரும், அடி விழாத இடமாக்கக் கேட்கிறோம். அதுவே ஒழுங்காக இல்லாத நாட்டில், அதைவிட மோசமான இடத்துக்கு அனுப்ப வழி தேடுவது எந்த ஊர் நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, 15-ஆவது பிரிவின்படி பிள்ளைகளைப் பெரியவர்களாக விசாரிக்க அனுப்பும் முறையை ரத்துச் செய்ய வேண்டும் என்று சங்கம் மகஜர் அனுப்புகிறது. கன்னடத் தொழிற்சங்கத் தோழர்களிடமும் கையெழுத்து வாங்குவோம். இது தமிழன் பிரச்சினை அல்ல, உழைக்கிறவன் பிரச்சினை.

இரண்டாவது, சட்டம் மாறும் வரை நம் பிள்ளைகளைக் காக்க இருக்கிற சட்டத்தையே பிடித்துக்கொள்ள வேண்டும். பின்வருபவற்றை ஒவ்வொரு தாயும் மனப்பாடம் செய்யட்டும். பதினெட்டு நிரம்பாதவனைப் போலீஸ் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. உடனே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் சிறுவனுக்கு 12-ஆவது பிரிவின்படி ஜாமீன் கேட்கலாம். பெயரையும் படத்தையும் பத்திரிகையில் போடக் கூடாது. அது 74-ஆவது பிரிவு. பிள்ளைகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவிக்கு 15100, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்களைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, வயதுச் சான்று. 94-ஆவது பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ். அது இல்லாவிட்டால் கார்ப்பரேஷன், முனிசிபாலிட்டி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு வருஷம் முன்பின் ஆகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே 1982-இல் சொல்லியிருக்கிறது. பதினேழா பத்தொன்பதா என்பதுதான் கேள்வி என்றிருக்கும்போது, இரண்டு வருஷம் என்பது ஒரு பிள்ளையின் ஆயுள். ஆதார் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். பிறந்த தேதிக்கு அது சரியான சான்றல்ல என்று 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. வழக்கு முடிந்து தண்டனை ஆன பிறகும் "நான் அப்போது சிறுவன்" என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லலாம் என்று 9-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பிகானேர்க்காரரை மீட்டது அந்த வாசல்தான். ஆனால் நம் பிள்ளைகள் 28 வருஷம் காத்திருக்க வேண்டாம்.

பள்ளியை விட்டு நிற்கும் பையனுக்கு மாற்றுச் சான்றிதழை வாங்கி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பொங்கலுக்கு ஊர் போகும்போது பஞ்சாயத்தில் கேட்டு பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பதிவே செய்யாமல் ஒரு வருஷம் கடந்துவிட்டாலும் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிப் பதிவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. கூலி கூடும் என்பதற்காகக் கான்டிராக்டரிடம் வயதைக் கூட்டிச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் நகலையும் கொண்டு வாருங்கள். சங்கம் பேட்டைவாரியாகப் பதிவேடு போடுகிறது. இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் இல்லை என்று சொல்லவாவது கட்டாயம் வாருங்கள். மனு எழுத ஆள் இருக்கிறோம்.